பெட்டியின் முதுகைப் படியுங்கள்



ஒகேனக்கல் என்னும் பெயரின் பொருள் உங்களுக்குத் தெரியுமா? கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் நம் கல்தான். ஆக, ‘புகையும் பாறை’ என்பது அதன் பொருள். பாறையில் மோதிச் சிதறும் காவிரி நீர் புகையைப்போல எழுவதைப் பார்த்து நம் முன்னோர் வைத்த பெயர் அது. தருமபுரி மாவட்டத்தில் உள்ள அந்த அருவியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் புகையை மட்டுமல்ல, ஓசையையும் மறப்பதில்லை. வெள்ளக் காலத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டியிருக்கும்.

ஒகேனக்கல்லுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. அங்குள்ள அருவிகளில் ஒன்றுக்கு ‘சினி பால்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் பாடல் காட்சி ஒன்றும் இங்கே படமாக்கப்பட்டது. ஆனால் பாடல் காட்சிகளில் நாம் கேட்பது இசையைத்தான். அருவியின் ஓசையை அன்று.

அருவியையும் அதன் ஓசையையும் நல்ல கருவிகளால் பதிவு செய்த படம் ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வீட்டில் ‘ஹோம் தியேட்டர்’ அமைப்பில் ஓட்டுகிறோம். நீர்த்திவலைகள் சதுரம் சதுரமாகத் தெரிகின்றன. ஓசையோ எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல் கேட்கிறது. உடனே வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? ‘இதைவிட விலை கூடின பெட்டி வாங்கியிருக்கலாம்’ அல்லது ‘நல்ல கேபிளாக மாற்றிப் பார்க்கலாம்’ என்பதே.

என் கருத்து வேறு. ஒரு காசும் செலவழிக்கும் முன் அந்தப் பெட்டியைத் திருப்பி, அதன் முதுகைப் படியுங்கள் என்பேன். முன்பக்கத்தில் இருப்பது விற்பவர் எழுதியது. பின்பக்கத்தில் இருப்பது செய்தவர் எழுதியது. பின்பக்கத்தைப் படிக்கத் தேவையான இயற்பியல் முழுவதும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு எட்டக்கூடியதே. அதைப் படிக்கத் தெரியாததால்தான் நம் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன.

அருவி ஒரு கடுந்தேர்வு

முதலில், அருவியை ஏன் எடுத்துக்காட்டாகக் கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 

இன்று ஒலியும் படமும் எண்களாகவே பயணம் செய்கின்றன. காற்றில் எழும் ஒலி அலையின் உயரத்தை ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதிக்கொள்வதே இலக்கமுறைப் பதிவு. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 0, 1 என்ற இலக்கங்கள் 16 கொண்ட ஓர் எண். இந்த ஓர் இலக்கத்தைத்தான் ‘பிட்’ என்கிறோம். இடம், வலம் என இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள்.

இவ்வளவையும் அப்படியே அனுப்பினால் இடம் போதாது. ஆகவே சுருக்குகிறார்கள். சுருக்குவது எப்படி? ஒருவர் ‘ஆ…’ என்று நீட்டிப் பாடினால் ஒரே அலை வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. ‘முன்போலவே’ என்று சுருக்கமாகக் குறித்துவிடலாம். செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறுவதில்லை. அதையும் ‘முன்போலவே’ என்று குறிக்கலாம். அருவியில் ‘முன்போலவே’ என்று சொல்ல எதுவுமில்லை. ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு கணமும் வேறிடத்தில் இருக்கிறது. ஓசையிலும் தாழ்ந்த அதிர்வெண் முதல் மிக உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் ஒழுங்கின்றிக் கலந்திருக்கின்றன. இதைச் சுருக்க வேண்டுமானால் சிலவற்றைத் தூக்கி எறிந்துதான் ஆக வேண்டும். அப்படி எறிந்ததன் தடயமே சதுரங்களும் பொரியும் ஓசையும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. ஒளிபரப்புபவர் எறிந்துவிட்டதை நம் வீட்டுப் பெட்டி எதனாலும் மீட்க முடியாது. மேலே வற்றிய நீர் கீழே வருமா? ஆனால் வீட்டு வாசல் வரை வந்துவிட்டதை வீட்டுக்குள்ளேயே வீணாக்குவது நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது அந்த இரண்டாவது இழப்புதான்.

வினாடிக்கு எத்தனை?

மழைக்காலத்தில் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்: ‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி.’ ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கே காவிரி நீரை அளக்கிறார்கள். ஆற்றுக்கு வினாடிக்கு இத்தனை கன அடி என்றால், ஒலிக்கும் படத்துக்கும் வினாடிக்கு இத்தனை பிட். ஒரு வாய்க்கால் தாங்கும் அளவுக்கு மேல் நீரை விட்டால் கரை வழிவதுபோல, ஒரு கம்பி வழியும் குறிப்பிட்ட அளவு பிட்டுகளே செல்லும்.

ஹோம் தியேட்டரின் நடுவில் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. கடைக்காரர்கள் ‘ஏ.வி. ரிசீவர்’ என்பார்கள். செட்-டாப் பெட்டி, டி.வி.டி. கருவி, விளையாட்டுக் கருவி போன்ற மூலங்கள் இதற்குள் வந்து சேரும். இது படத்தைத் தொலைக்காட்சிக்கும் ஒலியை ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்து அனுப்பும். பல வாய்க்கால்களுக்கு நீர் பிரிக்கும் மதகு என்று இதைக் கொள்ளலாம். எந்த வாய்க்கால் எவ்வளவு தாங்கும் என்பதைப் பின்பக்கத் துளைகள் சொல்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலாவது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் உள்ள மூன்று வட்டத் துளைகள். மஞ்சளில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் இடது, வலது ஒலி. இவை இலக்கமுறை அல்ல. மின்னழுத்தமே அலையாக ஏறி இறங்கும் பழைய அனலாக் முறை. மஞ்சள் கம்பியில் செல்லும் படம் 625 கோடுகள் கொண்ட பழைய தொலைக்காட்சித் தரத்துக்குள் அடங்கியது. அதிலும் திரையில் தெரிபவை 576 கோடுகளே. உயர்தெளிவுப் படத்தில் 1,080 கோடுகள் உண்டு. அதை மஞ்சள் கம்பியில் அனுப்பினால் பாதிக்கு மேல் வாசலிலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, தனியாக இருக்கும் ஒரு வட்டத் துளை. பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ‘கோஆக்சியல்’ என்று எழுதியிருக்கும். இதில் மின்துடிப்புகளாக இலக்கமுறை ஒலி செல்கிறது. மஞ்சள் துளையைப் போன்ற அதே வடிவம் என்பதால் பலர் ஏமாந்து இதில் வெள்ளைக் கம்பியைச் செருகிவிட்டு ‘ஒலி வரவில்லை’ என்பார்கள்.

மூன்றாவது, சிறு கதவு போட்ட சதுரத் துளை. பெயர் ‘ஆப்டிகல்’. 1983இல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்தது. மேலே சொன்ன அதே பிட்டுகள் இதில் சிவப்பு ஒளியாக, ஒரு பிளாஸ்டிக் இழை வழியே முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து செல்கின்றன. நீங்கள் பாடத்தில் படித்த முழு அகப் பிரதிபலிப்பு உங்கள் வரவேற்பறையில் நடக்கிறது!

நான்காவது, 19 முனைகள் கொண்ட தட்டையான துளை: எச்.டி.எம்.ஐ. இதன் முதல் விதிமுறை 2002இல் வெளியானது. படமும் ஒலியும் இந்த ஒரே கம்பியில் செல்லும்.

இனி அளவுகளை ஒப்பிடுவோம். ஆறு தட ஒலியைச் சுருக்காமல், வினாடிக்கு 48,000 முறை, 24 பிட்டில் அனுப்பினால் வினாடிக்கு 69,12,000 பிட் வேண்டும். கோஆக்சியல், ஆப்டிகல் ஆகிய இரண்டும் சுருக்காத ஒலியில் இரண்டு தடங்களையே ஏற்குமாறு வகுக்கப்பட்டவை. ஆகவே ஆறு தடங்களைச் சுருக்கித்தான் அவற்றில் அனுப்ப முடியும். டி.வி.டி.யில் பெரிதும் பயன்படும் டோல்பி டிஜிட்டல் முறை ஆறு தடங்களையும் வினாடிக்கு 4,48,000 பிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. அதாவது சுமார் பதினைந்தில் ஒரு பங்கு!

படத்துக்கு வருவோம். 1,920 × 1,080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், வினாடிக்கு 60 படங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 299 கோடி பிட் வருகிறது. இதை எச்.டி.எம்.ஐ. எளிதாகத் தாங்குகிறது. 2013இல் வந்த அதன் 2.0 விதிமுறை வினாடிக்கு 1,800 கோடி பிட்டையும், 2017இல் வந்த 2.1 விதிமுறை 4,800 கோடி பிட்டையும் ஏற்கும். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாடு என்றே சொல்லலாம்.

ஐந்தருவியும் 5.1-உம்

ஒகேனக்கல்லில் ‘ஐந்தருவி’ என்றும் ஓரிடம் உண்டு. பல அருவிகள் விழும் இடத்தில் கண்ணை மூடி நின்றாலும் எந்த அருவி எந்தப் பக்கம் விழுகிறது என்று நம் காதுகள் சொல்லிவிடும். இரு காதுகளுக்கும் ஒலி சிறிது முன்பின்னாகவும் சிறிது வன்மை வேறுபட்டும் வருவதை வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. வீட்டில் அதே உணர்வைத் தர முயல்வதே 5.1 முறை. முன்னால் மூன்று, பின்பக்கவாட்டில் இரண்டு, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் ‘.1’ என்று குறிக்கிறார்கள்.

ஆறு ஒலிபெருக்கிகளும் வெவ்வேறு செய்தி சொன்னால்தான் திசை பிறக்கும். இப்போது சந்தையில் ‘5.1’ என்று பெரிதாக அச்சிட்டு விற்கும் மலிவான பெட்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பின்பக்கம் இருப்பது வெள்ளையும் சிவப்பும் மட்டுமே. உள்ளே வருவது இரண்டு தடம். வெளியே போவது ஆறு ஒலிபெருக்கிகளுக்கு. அப்படியானால் மற்ற நான்கும் எங்கிருந்து வந்தன? நகல் எடுக்கப்பட்டவை! இரண்டு தடத்திலிருந்து சூழொலியை ஊகித்துப் பிரிக்கும் முறைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அதுவும் இல்லை. அங்கே 5.1 என்பது ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை. தடங்களின் எண்ணிக்கை அன்று.

வாட் கணக்கும் இப்படித்தான். முன்பக்கத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளோடு சில ஆயிரம் வாட் என்று ஒட்டியிருப்பார்கள். பின்பக்கத்தில் மின்நுகர்வு 60 வாட் என்று சிறு எழுத்தில் இருக்கலாம். 60 வாட் உள்ளே போனால் தொடர்ந்து ஆயிரம் வாட் வெளியே வருமா? ஆற்றல் அழிவின்மை விதியைப் படித்த உங்களுக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டுகளை வாங்கி வந்து ஊரிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுக்கும் திறமைசாலிகள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் செய்யக் கொடுக்கும்போதும் ‘எத்தனை ஸ்பீக்கர்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வழியே வரும் ஆறு தடத்தையும் பிரிக்கும் டிகோடர் போர்டு உண்டா?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

எதை எதோடு இணைப்பது?

ஒரு முறை எண்ணாகிவிட்ட ஒலியை ஒலிபெருக்கிக்கு அருகில் வரும் வரை எண்ணாகவே வைத்திருக்க வேண்டும். இதுவே விதி. இடையில் அலையாக்கி மீண்டும் எண்ணாக்குவது, தமிழ்க் கதையை வேறு மொழியில் பெயர்த்து மறுபடி தமிழாக்குவது போன்றது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் ஏதோ ஒன்று உதிரும்.

பல வீடுகளில் எப்படி இணைக்கிறார்கள்? செட்-டாப் பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு கம்பி. தொலைக்காட்சியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு கம்பி. ஹெட்போன் துளை என்றாலே இரண்டு தடம், அதுவும் அனலாக். ஆறு தடத்துடன் வந்த படமாயினும் இங்கே இரண்டாகிவிடும்.

மூலங்களை எச்.டி.எம்.ஐ. கம்பியால் நேரே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து ஒரே கம்பி தொலைக்காட்சிக்குப் போகட்டும். தொலைக்காட்சிக்குள்ளேயே இணையம் வழியே படம் பார்ப்பதானால், அதே கம்பியில் ஒலி திரும்பி வரும் வசதியும் உண்டு. 2009இல் வந்த அந்த வசதியின் பெயர் ஏ.ஆர்.சி. துளையின் மேலேயே அந்த எழுத்துகள் இருக்கும். அதே துளையில்தான் செருக வேண்டும். பக்கத்துத் துளையில் செருகினால் வேலை செய்யாது.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. இல்லை, ஆப்டிகல் மட்டுமே உண்டு என்றால்? படத்தைத் தொலைக்காட்சிக்கும், ஒலியை மூலத்திலிருந்தே ஆப்டிகல் வழியாகப் பெட்டிக்கும் தனித்தனியே அனுப்புங்கள். எச்.டி.எம்.ஐ. வழி வந்த ஆறு தடத்தை இரண்டாகக் குறைத்து ஆப்டிகலில் விடும் தொலைக்காட்சிகள் பல. 

இன்னும் ஒன்று. மூலக் கருவியின் அமைப்புப் பக்கத்தில் ஒலிக்கு ‘பி.சி.எம்.’, ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இரு தேர்வுகள் இருக்கும். ஆப்டிகலில் இணைத்துவிட்டு ‘பி.சி.எம்.’ என்று விட்டால் இரண்டு தடமே வரும். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றினால் சுருக்கிய ஆறு தடமும் பெட்டிக்கு வந்து, அங்கே பிரியும். ஒரு பொத்தானில் இருக்கிறது வேறுபாடு. இதற்கு யாரும் பணம் கேட்பதில்லை.

விலை கூடிய கேபிள் நல்லதா?

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். தங்க முலாம் பூசிய கேபிளில் வண்ணம் கூடுதலாகத் தெரியுமா? ஒலி இனிமையாகுமா?

இலக்கமுறைக் கம்பியில் செல்பவை 0, 1 என்ற இரண்டே நிலைகள். வாங்கும் முனையில் உள்ள கருவி ‘இது 0-ஆ, 1-ஆ?’ என்று மட்டுமே கேட்கிறது. மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், சற்று இரைச்சல் கலந்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடிகிற வரை விடை மாறாது. விடை மாறாவிட்டால் படமும் மாறாது. எண் சரியாக வந்து சேர்ந்தபின் அதை ‘இன்னும் சரியாக’ ஆக்க எந்தத் தங்கத்தாலும் முடியாது. நீங்கள் எழுதிய ‘7’ என்ற எண்ணை ஆசிரியர் படித்துவிட்டால் போதும். தங்கப் பேனாவால் எழுதினால் அது எட்டாகுமா?

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்பி மிக நீண்டாலோ, பிட்டுகள் மிக விரைவாகப் பாய்ந்தாலோ, ஓர் எல்லைக்கு மேல் 0-ஐயும் 1-ஐயும் பிரிக்க முடியாமற் போகும். அப்போது வண்ணம் மங்காது. திரையில் பொறிகள் தெறிக்கும், அல்லது படமே நின்றுபோகும். ஆகவே உயர்ந்த விதிமுறைக்குச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கம்பியைத் தேவையான நீளத்துக்கு வாங்குவதே அறிவுடைமை. அனலாக் கம்பியின் கதை வேறு. அதில் புகும் இரைச்சல் அப்படியே ஒலியோடு கலக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளுக்கு நல்ல உறை உண்மையாகவே பயன் தரும். விந்தை என்னவென்றால், உறை தேவைப்படும் இடத்தில் மலிவுக் கம்பியையும், தேவைப்படாத இடத்தில் தங்கத்தையும் வாங்குகிறோம்!

ஓசை முந்தலாமா?

அருவியின் இரைச்சல் எட்டாத ஓர் ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். 100 மீட்டர் தொலைவில் ஒருவர் பாறையில் துணியை ஓங்கி அடிக்கிறார். ஓசை சற்றுப் பின்னால்தான் வருகிறது. 25 பாகை வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 346 மீட்டர். ஆகவே தாமதம் சுமார் 0.29 வினாடி. இயற்கையில் ஓசை காட்சிக்குப் பின்னால் வருவதுண்டு; முன்னால் வருவது இல்லவே இல்லை.

நம் மூளை இதற்குப் பழகியது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஓசை படத்துக்கு 0.125 வினாடி வரை பிந்தினாலும் மக்கள் அதை உணர்வதில்லை. ஆனால் 0.045 வினாடி முந்தினாலே உணர்ந்துவிடுகிறார்கள்.

இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஒலி மட்டும் வேறு கம்பியில் நேரே பெட்டிக்குப் போனால் ஓசை முந்திக்கொள்ளும். நடிகரின் வாய் திறக்குமுன் வசனம் கேட்கும். இதற்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்பில் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாயசைவோடு பொருத்திவிடலாம்.

மூன்றாவது முள்

எல்லாவற்றையும் இணைத்தபின் ‘ம்ம்…’ என்று தாழ்ந்த முரல் ஒலி கேட்கிறதா? அது நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும்தான். தெருவிலிருந்து வரும் கேபிள் கம்பியின் உறையும் வீட்டு மின்சாரத்தின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இல்லாதபோது, ஒலிக் கம்பியின் உறை வழியே சிறு மின்னோட்டம் சுற்றி வருகிறது. அதுவே ஒலிபெருக்கியில் முரல்கிறது.

இதற்குச் சிலர் சொல்லும் வைத்தியம், மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை நீக்கிவிடுவது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பிறர் செய்தாலும் தடுங்கள். அந்த மூன்றாவது முள் இசைக்காக அன்று, உயிருக்காக இருக்கிறது. பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோவது அதுவே. அதை நீக்கினால் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உடலே அந்த வழியாகிவிடும். முரலை நிறுத்த நல்ல வழி ஆப்டிகல் இழை. அதில் மின்சாரம் செல்வதில்லை, ஒளியே செல்கிறது. சுற்று அங்கே அறுபடுகிறது. அதற்குப் பின்னும் முரல் நின்றபாடில்லை என்றால் மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சுக்கு ஒரு நியாயம்

‘பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு ஹோம் தியேட்டர் ஒரு கேடா? குடிநீரைப் பற்றி எழுதலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டிகள் ஏற்கெனவே அந்த ஊர்களுக்குள் நுழைந்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம். 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஏழை வீடுகளுக்கும் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2017 முதல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தின் செட்-டாப் பெட்டிகளும் வந்தன. வந்தவை பெட்டிகளே, அவற்றைப் படிக்கும் அறிவு கூடவே வரவில்லை. பணம் உள்ளவர் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் ‘5.1’ வாங்கி, இரண்டு தடம் கேட்பவருக்கு அந்த இழப்பு பெரிது.

பள்ளிகளையும் பாருங்கள். இன்று நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் திறன்மிகு வகுப்பறைகள் வந்துள்ளன. பெரிய திரை இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சித் திரைகள் பலவற்றில் ஒலிபெருக்கி சிறியது. அது கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கும். திறந்த வெளியில் தொலைவு நான்கு மடங்கானால் ஒலியின் செறிவு பதினாறில் ஒரு பங்காகும். அறைச் சுவர்கள் எதிரொலித்துச் சிறிது உதவும். ஆனாலும் முதல் பெஞ்சில் தெளிவாகக் கேட்கும் பாடம் கடைசி பெஞ்சில் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. அங்கே அமர்ந்திருப்பவர் ‘எனக்குப் புரியவில்லை’ என்கிறார். உண்மையில் அவருக்குக் கேட்கவில்லை! திரையின் பின்னால் ஆப்டிகல் துளையோ ஹெட்போன் துளையோ பெரும்பாலும் இருக்கும். பள்ளியின் அலமாரியில் ஆண்டுவிழாவுக்கு வாங்கிய ஒலிபெருக்கியும் இருக்கக்கூடும். இரண்டையும் பொருத்தமான ஒரு கம்பியால் இணைத்தால் போதும்.

ஆகவே நான் வேண்டுவது ஒன்று. இயற்பியல் ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒரு பாடவேளையாவது, ஒரு பெட்டியைத் திருப்பி வைத்து அதன் பின்பக்கத்தைப் படிக்கும் பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும். அலை, அதிர்வெண், மின்னோட்டம், அகப் பிரதிபலிப்பு என நாம் தனித்தனியே படிப்பவை அனைத்தும் அந்த ஒரு சாண் தகட்டில் கூடியிருக்கின்றன. தேர்வுக்காகப் படித்த விதி வீட்டுச் செலவைக் காப்பாற்றும்போதுதான் மாணவருக்கு அதன் மேல் நம்பிக்கை பிறக்கும்.

செய்து பாருங்கள்

1. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு பெட்டியின் பின்பக்கத்தைத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு துளைக்கும் அருகே ‘இலக்கமுறை’ அல்லது ‘அனலாக்’ என்றும், எத்தனை தடம் என்றும் குறியுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். கம்பிகளை மாற்றுமுன் மின்இணைப்பைத் துண்டியுங்கள்.

2. ஆப்டிகல் இழையின் ஒரு முனை கருவியில் இருக்கட்டும். மறுமுனையின் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். இழையை மெல்ல வளைத்தாலும் ஒளி வருகிறதா? ஏன்? கண்ணருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

3. முன்பக்கத்தில் எழுதியுள்ள வாட் அளவையும் பின்பக்கத்தில் உள்ள மின்நுகர்வையும் எழுதி ஒப்பிடுங்கள். விடையை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் பெற்றோருடன் போகும்போது விற்பனையாளர் முன்பக்க விளக்குகளைக் காட்டி விலை சொல்வார். நீங்கள் பணிவோடு கேளுங்கள்: ‘ஐயா, பெட்டியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுகிறீர்களா?’